தேக்கோங் தீவுக்குப் புறப்படும் முன்: தேசிய சேவையின் அடிப்படைப் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டிலிருந்து, 18 வயதை எட்டும் ஆண்பிள்ளைகள் முழுநேரத் தேசிய சேவைக்குச் செல்கிறார்கள். குடிமக்களுக்கு மட்டுமல்லாமல், பெற்றோர் வழியாக நிரந்தரவாசத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கும் இது கடமை. இரண்டு ஆண்டுக் காலச் சேவையின் முதல் கட்டமான அடிப்படைப் பயிற்சியை, ராணுவத்துக்குச் செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் புலாவ் தேக்கோங் தீவில்தான் பெறுகிறார்கள். காவல்துறைக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கும் தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்குத் தனிப் பயிற்சி நிலையங்கள் உண்டு. ஆனாலும், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

அப்பாவோ அண்ணனோ போய்வந்த வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போது நடக்கும் பேச்சிலேயே பாதிப் பயம் தெளிந்துவிடும். என் அக்கா வீட்டில் அந்த வசதி இல்லை. அத்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். மகனுக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது அவரால் எதுவும் சொல்லித்தர முடியவில்லை. "மாமா, எனக்கு ஓடக்கூட வராதே, அங்க போய் என்ன செய்வேன்?" என்று பிள்ளை என்னிடம் கேட்டான். அவனுக்கு உட்கார வைத்துச் சொன்னவற்றையே, அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நேரமும் வரிசையும் கம்பெனிக்குக் கம்பெனி, அதாவது பயிற்சிப் பிரிவுக்குப் பிரிவு, சற்று மாறும். ஆனால் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இடங்கள் பெரும்பாலும் உடல் வலிமையைச் சார்ந்தவை அல்ல.

சேர்வதற்கு முந்தைய மாதங்கள்

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. அங்கே கிடைக்கும் உடல்தகுதித் தரத்தைப் பொறுத்தே பயிற்சியின் வகையும் நீளமும் அமைகின்றன. முழுத் தகுதி உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 9 வாரங்கள். உடலைப் படிப்படியாகத் தேற்ற வேண்டியவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் அதைவிட நீண்ட பயிற்சி உண்டு. இந்தப் பரிசோதனையில் ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு, மனநலத்துக்காகப் பெற்ற சிகிச்சை ஆகிய எதையும் மறைக்காதீர்கள். "சின்ன வயதில் வந்த வீசிங்தானே, அதை எதற்கு எழுத வேண்டும், தரம் குறைந்துவிடுமே" என்று தயங்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். தரம் குறைந்தால் இழப்பது ஒன்றுமில்லை. மறைத்தால், வெயிலில் சுமையுடன் ஓடும்போது மூச்சுத் திணறுபவன் உங்கள் மகனாக இருப்பான். அருகில் நிற்கும் மருத்துவ உதவியாளருக்கு அவனுக்கு ஆஸ்துமா இருந்த விவரமே தெரியாது. சிறப்பு மருத்துவரின் கடிதம் இருந்தால் அசலும் நகலுமாக எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது ஐபிபிடி என்று எல்லாரும் சொல்லும் உடல்தகுதித் தேர்வு. ஒரு நிமிடம் புஷ் அப், ஒரு நிமிடம் சிட் அப், பிறகு 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளிகளில் ஓட்டத்துக்கு மட்டும் 50. போர்ப்பணிக்குத் தகுதியான தரம் பெற்றவர்கள், சேருவதற்கு முன்பே இந்தத் தேர்வுக்குச் சென்று 61 புள்ளிகளாவது எடுத்துவிட்டால் முழுநேரச் சேவையில் 8 வாரங்கள் குறைகின்றன. ஏறக்குறைய இரண்டு மாதம் மிச்சமாகிறது என்பதால், படிப்பின் கடைசித் தேர்வு முடிந்த கையோடு ஓடத் தொடங்குவது நல்லது. முதல் இரண்டு வாரம் நேரத்தைப் பார்க்காதீர்கள். நிற்காமல் 15 நிமிடம் ஓட முடிந்தால் போதும். பிறகு தூரத்தைக் கூட்டலாம். அதற்கும் பிறகுதான் வேகம். பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும் வழி வேண்டவே வேண்டாம். அப்படி இளைத்து வருபவர்கள்தான் முதல் வாரத்திலேயே மயங்கி விழுகிறார்கள்.

ஓட்டத்தைவிட முக்கியமாக நான் கருதுவது வீட்டு வேலைகளை. சேருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தன் துணியைத் தானே துவைத்து, காயவைத்து, மடித்து வைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டவும், பொத்தான் தைக்கவும், கழிப்பறையைத் தேய்த்துக் கழுவவும் தெரிந்திருக்க வேண்டும். பணிப்பெண் எல்லாம் செய்து தரும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள், பயிற்சியால் அல்ல, இந்தச் சிறு வேலைகளுக்கு நேரம் போதாமல்தான் முதலில் களைத்துப் போகிறார்கள். படுக்கும் நேரத்தையும் இரவு பத்தரைக்குக் கொண்டுவாருங்கள். அதிகாலை மூன்று மணிவரை கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த உடம்பை ஒரே நாளில் திருப்ப முடியாது. சைவ உணவு உண்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். சமையல்கூடத்தில் சைவத் தட்டு கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை முன்கூட்டியே போவதால், அன்றைக்கு வந்து கேட்பவனுக்குத் தாமதமாகும்.

முதல் நாள்

சீருடை, பூட்ஸ், ஓட்டக் காலணி, பயிற்சி உடை எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான்: அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், இரண்டு பூட்டுகள், பல்துலக்கும் சாமான்கள், துவைக்கும் பவுடர், துணி மாட்டிகள், கறுப்பு மார்க்கர் பேனா, பவர் பேங்க். வெவ்வேறு அளவில் ஒரு கட்டு ஜிப்லாக் பைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் அருமை வெளிக்கள முகாமில் தெரியும். தங்கச் சங்கிலி, மோதிரம், விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

சாங்கியில் உள்ள ராணுவப் படகுத்துறையிலிருந்து பெற்றோரும் உடன் வரலாம். பிள்ளை மற்றவர்களோடு தங்கப்போகும் அறையை, அதாவது பங்க்கை, பார்க்கலாம். சமையல்கூடத்தில் அவனோடு சாப்பிடலாம். அவன் மற்றவர்களோடு வலக்கையை உயர்த்தி உறுதிமொழி எடுப்பதையும் பார்க்கலாம். என் அக்கா அன்றைக்குக் கட்டிலின் மெத்தையை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மின்விசிறிக்கு நேர்கீழே எந்தக் கட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். பெற்றோர் திரும்பும் நேரம் வந்ததும் சீக்கிரம் விடைபெற்றுவிடுங்கள். அழுகை வந்தால் தவறில்லை. ஆனால் பிள்ளையை இழுத்துப் பிடித்து நிறுத்தாதீர்கள். வரிசையில் அவனுக்காக 50 பேர் காத்திருப்பார்கள்.

அதன்பிறகு தலைமுடி போகும். இரண்டு நிமிடத்தில் எல்லாத் தலையும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்க எண் கிடைக்கும். முதல் இலக்கம் கம்பெனியின் உட்பிரிவான பிளாட்டூனையும், இரண்டாவது அதற்குள் உள்ள சிறு குழுவான செக்‌ஷனையும், கடைசி இரண்டும் அவரவர் இடத்தையும் குறிக்கும். அன்றிரவே, கொடுத்த பொருள் ஒவ்வொன்றிலும் அந்த எண்ணை மார்க்கரால் எழுதிவிடுங்கள், காலுறை உட்பட. ஒரே நிறத்தில் காயும் 60 சட்டைகளுக்கு நடுவே உங்களுடையதைத் தேடும்போது இந்த வேலையின் பயன் தெரியும்.

ஒரு நாளின் ஓட்டம்

பெரும்பாலும் காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். சிங்கப்பூரில் ஏழு மணி அளவில்தான் சூரியன் எழும் என்பதால், முதல் ஒன்றரை மணி நேரம் இருட்டிலேயே கழியும். எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்து, முகம் கழுவி, சவரம் செய்து, குறித்த உடையில் கீழே அணிவகுத்து நிற்க வேண்டும். இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அன்றைய உடை, காலுறை, தண்ணீர்ப் புட்டி மூன்றையும் முந்தைய இரவே கட்டிலருகில் வரிசைப்படி வைத்துவிடுவது ஒன்றே வழி. சவரத்தையும் சிலர் இரவிலேயே முடித்துவிடுகிறார்கள். அது நல்ல பழக்கம்.

அணிவகுப்புக் கட்டளைகள் மலாய் மொழியில் இருக்கும். நம் பிள்ளைகள் பலருக்கு மலாய் அவ்வளவாகத் தெரியாது என்பதால் சிலவற்றை முன்பே காதில் போட்டுக்கொள்ளட்டும்: 'செடியா' என்றால் நேராக நில், 'செனாங் டீரி' என்றால் இயல்பு நிலையில் நில், 'செப்பாட் ஜாலான்' என்றால் நடைபோடு, 'பெர்ஹெந்தி' என்றால் நில், 'கெலுவார் பாரிஸ்' என்றால் கலைந்து செல். அதிகாரிகளை 'சார்' அல்லது 'மேடம்' என்றும், சார்ஜண்ட்டை 'சார்ஜண்ட்' என்றும், வாரண்ட் அதிகாரிகளை 'என்சிக்' என்றும் அழைப்பது மரபு. சார்ஜண்ட்டை 'சார்' என்று அழைத்துவிட்டால் திருத்துவார்கள்; அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

காலை உணவுக்கு முன்பும், பயிற்சிக்கு முன்பும், படுக்கும் முன்பும் தண்ணீர் அணிவகுப்பு என்று ஒன்று உண்டு. எல்லாரும் புட்டியைத் திறந்து, சொன்ன அளவைக் குடித்துவிட்டு, காலிப் புட்டியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மிச்சம் இருந்தால் தலையில் வழியும். புதிதாக வந்தவர்களுக்கு இது குழந்தைகளைக் கட்டாயப்படுத்துவது போலத் தோன்றலாம். நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உடல் எவ்வளவு வியர்வையை இழக்கிறது என்பதைத் தாகம் மட்டும் சரியாகச் சொல்லாது. அதனால்தான் இந்தக் கட்டாயம். மூச்சு முட்டக் குடிக்காமல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்தால் அந்த நேரத்தில் சிரமம் இருக்காது.

மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசிக்குச் சிறிது நேரம் தருவார்கள். அந்த நேரத்தின் முதல் பத்து நிமிடத்தைத் துவைக்கவும், அடுத்த நாளுக்கு எடுத்து வைக்கவும் ஒதுக்குங்கள். மீதியில் வீட்டுக்குப் பேசுங்கள். பத்தரைக்கு விளக்கணைந்தால் ஐந்தரைக்கு விழிப்பு, ஆக இடையில் 7 மணி நேரம். இடையூறில்லாத 7 மணி நேர ஓய்வு என்பது ராணுவமே வகுத்த விதி. அதைப் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் செலவழித்துவிட்டு மறுநாள் வெயிலில் ஓடுவது ஆபத்து.

படுக்கை, அலமாரி ஆய்வுகள் முதல் வாரங்களில் அடிக்கடி நடக்கும். அலமாரியில் எது எந்தத் தட்டில் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி காட்டுவார்கள். அதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் எல்லாருடைய விரிப்பையும் இழுத்துக் கட்டட்டும். ஒருவர் தரையைப் பெருக்கட்டும். கைவேலை தெரிந்தவர் மடிப்புகளைப் பார்க்கட்டும். பங்க் முழுவதையும் ஒன்றாகத்தான் ஆய்வு செய்வார்கள் என்பதால், தன் கட்டிலை மட்டும் மினுக்கி வைத்தவனுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

துப்பாக்கி

சில நாள்களில் சார் 21 துப்பாக்கியை முறைப்படி வழங்குவார்கள். சிங்கப்பூரிலேயே வடிவமைத்தது, எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விசைக்குப் பின்னால் தோட்டாக்கள் அடங்கிய பெட்டி பொருந்தும் அமைப்பு என்பதால் நீளம் குறைவு. அது ஆயுதக் கிடங்கில் இல்லாத நேரத்தில் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டடி நகர்வதுகூடக் குற்றம். கழிப்பறைக்குப் போனால் உங்கள் பட்டியிடம், அதாவது உங்களோடு இணையாக்கப்பட்ட தோழனிடம், வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அவனும் வாய்விட்டு 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லட்டும்.

துப்பாக்கியைச் சுத்தம் செய்வதில்தான் மாலைகள் நீளும். சுட்டபின் உள்பாகங்களில் கறுப்பாகக் கரி படியும். துணியால் துடைத்தால் பளபளப்பாகத் தெரியும், ஆனால் போல்ட்டின் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டினால் கறுப்பு வரும். காது குடையும் பஞ்சுக் குச்சியை எண்ணெயில் தொட்டு, அந்தப் பள்ளங்களில் சுழற்றி, கரி ஊற ஐந்து நிமிடம் விட்டு, பிறகு காய்ந்த குச்சியால் எடுங்கள். அழுத்தித் தேய்ப்பதைவிட ஊறவிடுவது வேலையைப் பாதியாக்கும். கடைசியில் எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும் நிற்கட்டும். வழிய வழியப் பூசினால் மண்ணை ஈர்க்கும்.

வெளிக்கள முகாம்

பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது காட்டில் ஐந்தாறு நாள் தங்கும் இந்த முகாமைத்தான். அஞ்சுவதில் காரணம் இருக்கிறது. குளியல் இல்லை, மழை பெய்தால் ஒதுங்கக் கூரை இல்லை. இரண்டு பேரின் மழைத்துணிகளை இணைத்துக் கட்டிய பாஷாவின் கீழ்தான் தூக்கம். ஆள் நீளத்துக்குப் பதுங்குகுழி ஒன்றைக் கைமண்வெட்டியால் தோண்ட வேண்டும். தேக்கோங்கின் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மேல்மண்ணை அரையடி எடுத்ததும் மண்வெட்டி வேர்களில் மாட்டும். அங்கே வலுவைக் காட்டிக் கொத்தினால் உள்ளங்கை கொப்புளிக்கும். வேரின் இரு பக்கமும் மண்ணைச் சுரண்டி, வேரைத் தனியாக்கி, பிறகு வெட்டுங்கள். கையுறையைக் கழற்றாதீர்கள். பட்டியும் நீங்களும் மாறி மாறித் தோண்டுங்கள்; ஒருவர் தோண்டும்போது மற்றவர் தண்ணீர் குடிக்கட்டும்.

பையை அடுக்குவதில்தான் முகாமின் பாதி அடங்கியிருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு ஜிப்லாக் பை என்று வையுங்கள்: ஒரு பனியன், ஒரு உள்ளாடை, ஒரு சோடிக் காலுறை. காற்றை அழுத்தி எடுத்து மூடி, கடைசி நாளுடையது அடியிலும் முதல் நாளுடையது மேலேயும் இருக்குமாறு அடுக்குங்கள். இரவில் மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேட நேர்ந்தாலும் கை நேராக வேண்டியதை எடுக்கும். பவுடர், கொசு மருந்து, ஈரத் துடைப்பான் மூன்றும் பக்கப் பையில் இருக்கட்டும். உடம்பு முழுக்கப் பவுடர் கொட்டித் தேய்த்துத் துடைப்பதுதான் அங்கே குளியல். ஒருவர் முதுகை மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி பெற்ற காலத்தில், முகாமின் இரண்டாம் நாள் குதிகாலில் ஒரு கொப்புளம் எழும்பியது. 'இதற்குப் போய்ச் சொல்வதா' என்று ஈரக் காலுறையோடு மூன்று நாள் நடந்தேன். முகாம் முடிந்தபோது அது சீழ் கட்டி, ஒரு வாரம் பூட்ஸே போட முடியாமல், துப்பாக்கிச் சுடும் தேர்வில் என் செக்‌ஷனோடு நிற்க முடியாமல் போயிற்று. ஒரு நாள் முன்னால் காட்டியிருந்தால் மருத்துவ உதவியாளர் ஓர் ஒட்டுப் பட்டையில் முடித்திருப்பார். ஆகவே, ஓய்வு கிடைக்கும் ஒவ்வொரு இரவும் பூட்ஸைக் கழற்றுங்கள். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கொஞ்ச நேரம் காற்றுப் படட்டும். பிறகு ஒவ்வோர் இடுக்கிலும் பவுடரைத் தூவி, உலர்ந்த காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடுங்கள். சிவந்து சூடாக இருக்கும் இடமே நாளைய கொப்புளம். அதன்மேல் இன்றைக்கே பட்டை ஒட்டுங்கள்.

பல கம்பெனிகளில், முகாமின் நடுவே ஓர் இரவு, பெற்றோரின் கடிதங்களைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். கடிதம் எழுதித் தருமாறு உங்களைக் கேட்டால், தட்டச்சு செய்யாமல் கையால் எழுதுங்கள். வீட்டில் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். என் அக்கா மகன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அந்த ஒரு பக்கத்தை இருட்டில் அரைமணி நேரம் படித்ததாகச் சொன்னான். இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறான்.

உடம்பு சரியில்லாதபோது

காலையில் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, தலைச்சுற்றலோ இருந்தால் பயிற்சி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மருத்துவ அதிகாரி பார்த்து, முழு ஓய்வு தந்தால் அதை 'அட்டெண்ட் சி' என்பார்கள். சில வேலைகளிலிருந்து மட்டும் விலக்குத் தந்தால் 'அட்டெண்ட் பி'. நடித்து ஏய்ப்பவனை 'சாவ் கெங்' என்று கிண்டல் செய்யும் வழக்கம் இருப்பதால், உண்மையிலேயே முடியாதவர்கள்கூட வாய் திறக்கத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம்தான் எனக்கு மிகுந்த கவலை தருவது. வெயிலில் ஏற்படும் வெப்பத் தாக்கு உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால்தான் வெப்பத்தை அளந்து வேலையும் ஓய்வும் வகுக்கிறார்கள். பயிற்சிக்கிடையே முன்கைகளைக் குளிர்நீரில் அமிழ்த்தி வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஏற்பாடும், முந்தைய இரவின் காய்ச்சலை மறைத்தவனைக் காப்பாற்றுவது கடினம். பட்டி உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொன்னாலோ, அவன் அனுமதியைக் கேட்காமல் கையை உயர்த்திக் கத்துங்கள்.

மனம் சோர்ந்தாலும் இதே விதிதான். முதல் வாரத்தில் இரவில் அழுகை வருவது மிகச் சாதாரணம். இரண்டு வாரம் ஆகியும் தூக்கமும் பசியும் இல்லாவிட்டால் செக்‌ஷன் சார்ஜண்ட்டிடமோ பிளாட்டூன் அதிகாரியிடமோ தனியாகச் சொல்லுங்கள். ராணுவத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது கோழைத்தனம் அல்ல.

வார இறுதி

தொடக்கத்தில் ஒன்றிரண்டு வார இறுதிகளுக்கு வீட்டுக்கு விடமாட்டார்கள். அதன்பிறகு 'புக் அவுட்', அதாவது முகாமிலிருந்து வெளியே போக அனுமதி, கிடைக்கும். படகில் சாங்கி வந்து, அங்கிருந்து பேருந்தில் பாசிர் ரிஸ் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் நின்றபடியே தூங்கியிருப்பார்கள். தாய்மார்களே, பிள்ளை வந்ததும் உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடாதீர்கள். முதலில் தூங்கட்டும். பிரியாணியும் மீன்குழம்பும் சனிக்கிழமை இருக்கட்டும். திரும்பிப் போகும் இரவில் எளிதாகச் செரிப்பதைக் கொடுங்கள், மறுநாள் காலையில் அவன் ஓட வேண்டும். துணியை அவனே துவைக்கட்டும். முகாமுக்குள் எடுத்த படங்களையும் பயிற்சி விவரங்களையும் குடும்பக் குழுக்களில் பகிராதீர்கள். முகாமுக்குத் திரும்பும் 'புக் இன்' நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் படகுத்துறையில் இருப்பது போல் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். தாமதமானால் தண்டனை உண்டு.

கடைசி நடை

4 கிலோமீட்டரில் தொடங்கி, 8, 12, 16 என்று கூடிவரும் சுமைநடை, 24 கிலோமீட்டரில் முடியும். அதற்கு முந்தைய நாள் நன்றாகச் சாப்பிட்டு, நகங்களை ஒட்ட வெட்டி, புதுக் காலுறையை அல்ல, ஏற்கெனவே பழகிய காலுறையை எடுத்து வைக்க வேண்டும். நடையின்போது பாட்டு தொடங்குபவர் ஒருவர் இருந்தால் போதும், செக்‌ஷன் முழுவதும் தாளத்தில் வந்துவிடும். நடை முடிந்ததும் நிறைவு அணிவகுப்பு. பெற்றோர் கண்முன்னே தொப்பிகள் வானில் பறக்கும். கீழே விழுந்தபின் யாருடைய தொப்பி யாருடையது என்று தெரியாது என்பதால், அதன் உட்பக்கமும் அந்த நான்கு இலக்க எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வரும் பெற்றோர் பூங்கொத்தோடு ஒரு சோடிப் பழைய செருப்பையும் எடுத்து வாருங்கள். பூட்ஸைக் கழற்றியபின் அவன் முதலில் தேடப்போவது அதைத்தான்.